மாறுகண் கடை

அந்தத் தெருவில் வந்து மூக்குக்கண்ணாடிக் கடை எங்கே என்று கேட்டால் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். மாறுகண் கடை எங்கே என்று கேட்டால் தவழுகிற குழந்தைகூடக் கை காட்டும். கடைக்காரருக்குக் கல்யாணம் ஆன வருடம் கடைக்குப் புதுப் பலகை மாட்டினார். பலகை எழுத வந்த ஆள் எழுத்தில் கெட்டிக்காரர், படத்தில் அரைகுறை. பெயருக்குக் கீழே இரண்டு பெரிய கண்களை வரைந்து வைத்தார். ஒன்று தெருவைப் பார்த்தது. மற்றொன்று, அங்கே இல்லாத மூக்கைத் தேடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் முதலில் குதித்தார். பலகையைக் கழற்று என்றார், காசு தரமாட்டேன் என்றார். பிறகு, ஆட்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே உள்ளே வருவதைக் கவனித்தார். வலிய வந்த விளம்பரத்தை யாராவது விரட்டுவார்களா? விட்டுவிட்டார். அதோடு ஒரு வழக்கத்தையும் பிடித்துக்கொண்டார். தூரப்பார்வைக்குக் கண்ணாடி வாங்குகிறவர் யாராக இருந்தாலும், அதை மாட்டிவிட்டுத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் அனுப்பிப் பலகையைப் பார்க்கச் சொல்வார். பார்த்ததும் சிரித்தால் பவர் சரி. சிரிக்காவிட்டால் மறுபடி நாற்காலியில் உட்கார வேண்டும். இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பு அவரை ஏமாற்றியதில்லை.

இப்போது அந்த எதிர்ப்பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லை. தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த பழைய கிடங்கை அரசாங்கம் வெள்ளையடித்து இலவசக் கண் நிலையம் திறந்துவிட்டது. சோதனை சும்மா, கண்ணாடி சும்மா, வரிசையில் நிற்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் சும்மா.

"ஓசியில குடுத்தா பினாயிலைக்கூடக் குடிப்பானுங்க," என்று பக்கத்துக் கடைக் கடிகாரக்காரரிடம் பொருமினார் கண்ணாடிக்காரர்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க," என்றார் கடிகாரக்காரர், கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கியபடி.

"நான் பார்ப்பேன். பல்லு, குளம்பு, வாலு எல்லாத்தையும் பார்ப்பேன்."

பார்க்கத்தான் செய்தார். நிலையத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடிச் சட்டம்: தடித்த பழுப்பு நிறம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவர் கண்ணுக்குத் தெரு முழுக்கப் பழுப்பாகவே தெரிந்தது. ரொட்டிக் கடைக்காரர் மூக்கில் பழுப்பு. தையல்காரர் மூக்கில் பழுப்பு. சிலர் கடையைத் தாண்டும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தடவித் தடவி நடந்து, தாண்டியதும் மாட்டிக்கொண்டார்கள். அது மரியாதையா கேலியா என்று அவருக்குப் புரியவில்லை. கேலி என்றே முடிவு செய்தார்.

அவருடைய முதல் சந்தேகம் பவர் மேல். சும்மா கொடுப்பவன் சரியாகவா கொடுப்பான்? திருகு கழன்றது, மூக்குப் பிடி உடைந்தது என்று சிலர் கூச்சத்தோடு அவர் கடைக்கு வருவார்கள். அவர் அந்தக் கண்ணாடியை வாங்கி ஜன்னல் கம்பிக்கு எதிரே பிடித்து மெல்ல அசைப்பார். கம்பி வில்லைக்குள் எந்தப் பக்கம் நகருகிறது, எவ்வளவு வேகமாக நகருகிறது என்பதை வைத்தே பவரைச் சொல்லிவிடுகிற கை அவருடையது. பிறகு ஆளையும் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருந்தது. அது அவருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. தப்பாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார், பாவம்.

இரண்டாவது சந்தேகம்தான் அவரை உண்மையில் பிடித்து ஆட்டியது. அதைக் கொண்டுவந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர்.

தபால்காரர் பழைய வாடிக்கை. இப்போது அவர் மூக்கிலும் பழுப்பு. திருகை முடுக்க வாங்கிய கண்ணாடியைக் கடைக்காரர் திருப்பிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். காதுக்குப் பின்னால் வளைகிற கம்பியில் அவர் பார்த்தது அவருடைய சொந்தக் கையை.

சாதாரணமாகக் காதுக் கம்பியைச் சூடு காட்டி ஓரிடத்தில் மடக்கிவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் காது வலிக்கும். இவர் அப்பா கண்டுபிடித்த வழி வேறு. சட்டியில் மணலைச் சுடவைத்து, அதில் கம்பியைப் புதைத்து இளக்கி, இரண்டு இடத்தில் பட்டும் படாமலும் வளைத்து, நுனியை மட்டும் மண்டை எலும்புப் பக்கம் லேசாகத் திருப்பிவிட வேண்டும். கண்ணாடி போட்டிருப்பதே மறந்துபோகும். அப்பா இவருக்குக் காட்டினார். இவர் தன் வாழ்நாளில் ஒரே ஒருவருக்குக் காட்டியிருக்கிறார்.

"இதை யாரு வளைச்சது?"

"அங்கதான். ஒரு அம்மா இருக்காங்க. என்ன கைங்கிறீங்க!"

"ஆளு எப்படி இருப்பாங்க?"

"அதை எப்படிப் பார்ப்பேன்? என் கண்ணாடி அவங்க கையிலதானே இருந்துச்சு," என்றார் தபால்காரர்.

அந்த ஒரே ஒருவர், அவர் மனைவி. கல்யாணமான புதிதில் அவள் தினமும் கடைக்கு வந்து உட்காருவாள். மணல் சட்டியை அவளிடம் விட்டுவிட்டு அவர் சோதனை பார்ப்பார். நல்ல கை அவளுக்கு. ஒரு வருடம்கூட ஆகவில்லை, திடீரென்று ஒரு நாள் "இனிமே நான் கடைக்கு வரலைங்க" என்றாள். ஏன் என்றதற்கு வீட்டில் வேலை இருக்கிறது என்றாள். அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார். அது ஆகிப் பல காலம்.

அன்று வீட்டுக்குப் போனவர் சும்மா இருக்கவில்லை. பரணில் ஏறிப் பார்த்தார். அப்பா காலத்து இரும்புச் சட்டி, கைப்பிடி வளைந்தது என்று அவர் ஒதுக்கிப் போட்டது, அங்கே இல்லை.

"பழைய சட்டி எங்க?"

"அதா? பழைய இரும்புக்காரருக்குப் போட்டுட்டேன்," என்றாள் மனைவி, அவரைப் பார்க்காமல்.

மறுநாள் அவள் குளிக்கப் போனபோது அவளுடைய கைப்பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். சீப்பு விழுந்தது, சாவி விழுந்தது, கடைசியில் ஒரு சிட்டிகை மணலும் விழுந்தது. அவள் கொஞ்ச காலமாகத் தினமும் மதியம் அக்கா வீட்டுக்குப் போகிறாள். அக்காவுக்கு முதுகுவலியாம், தூக்கிவிட ஆள் இல்லையாம். அக்கா வீட்டில் எங்கிருந்து மணல் வந்தது? அவளுடைய தம்பி வேறு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. மச்சான் மச்சான் என்று குழைகிற அந்தப் பயல்தான் நிலையத்தை இந்தத் தெருவுக்கே கொண்டுவந்திருக்க வேண்டும். இவளும் தம்பியும் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக எல்லாம் கூடி வந்தது. சந்தேகம் வந்தவனுக்குக் கணக்கு மட்டும் எப்போதும் சரியாகவே வரும்.

"வேலியே பயிரை மேயுது," என்றார் கடிகாரக்காரரிடம்.

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"நேராக் கேட்டா நேராப் பொய் சொல்லுவா. கையும் களவுமாப் பிடிக்கணும். நெசம்னு தெரிஞ்சா அன்னிக்கே அவ அவங்க அக்கா வீட்டோட போயிடட்டும். என் கடையைக் கவுத்தவகூட ஒரே கூரைக்குக் கீழ இருக்க முடியாது."

கடிகாரக்காரர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. மறுபடி இடுக்கிக்கொண்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் கடையை இழுத்துச் சாத்திவிட்டு, வீட்டுக்கு எதிர்ச்சாரியில் விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றார். ஒளிந்துகொள்ளவில்லை. ஒளிய வேண்டிய அவசியமே இல்லை என்பது அவர் கணக்கு. எதிர்ச்சாரியில் நிற்கிற ஆளை அவள் அடையாளம் கண்டதாக அவருக்கு நினைவில்லை. அவரே எதிரே வந்தாலும் இருமினால்தான் நிமிர்வாள். தெரிந்தவர்கள் முதலில் கூப்பிட்டால்தான் சிரிப்பாள், அதனாலேயே திமிர் பிடித்தவள் என்று பெயரும் வாங்கியிருக்கிறாள். ஆனால் ஊசியில் நூலை ஒரே தடவையில் கோத்துவிடுவாள், அரிசியில் ஒரு கல்லைத் தப்பவிடமாட்டாள். கண்ணுக்கு என்ன குறை என்று இருந்துவிட்டார். "என் கண்ணையும் ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்று அவள் எப்போதோ கேட்டபோது, "கிராக்கி போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். பல வருடங்கள் கிராக்கி போகவேயில்லை. பிறகு ஒரேயடியாகப் போனபோது அந்தப் பேச்சு இருவருக்கும் மறந்துவிட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

மனைவி கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். கண்ணைச் சுருக்கி நேராக அவர் நின்ற பக்கமே பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நடக்கத் தொடங்கினாள். அவருக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்து ஒரே பூரிப்பு. பின்னாலேயே போனார். அக்கா வீட்டுச் சந்து வந்தது, அவள் திரும்பவில்லை. தெருக்கோடிக்குப் போய், கிடங்கின் பக்கவாசல் வழியாக, தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி உள்ளே போய்விட்டாள்.

சந்தேகப்பட்டது நிஜமாகும்போது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, திரும்பி வந்து, அன்று முழுவதும் கடையைத் திறக்காமலே உள்ளே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், அவள் வந்ததும், "அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். "பரவாயில்லை," என்றாள். அவர் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் அவளைப் போகவிட்டு, சற்றுப் பொறுத்து நிலையத்துக்குள் நுழைந்தார். திட்டம் சுலபம். எல்லார் முன்னாலும் அந்தச் சட்டியைப் பிடுங்கி உயர்த்திக் காட்டுவது, இவள் யார் தெரியுமா என்று கேட்பது, அப்புறம் அவளை அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவது.

நீளமான கூடம். சுண்ணாம்பு வாசனை. சுவரோரம் பெஞ்சுகளில் அவருடைய பாதி வாடிக்கை உட்கார்ந்திருந்தது. அவரைக் கண்டதும் ரொட்டிக் கடைக்காரர் மேற்கூரையை ஆராய்ந்தார், தையல்காரர் தன் செருப்பை ஆராய்ந்தார். அவர் யாரையும் பார்க்காமல் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்று தலையை நீட்டினார்.

கூடத்தின் மறு கோடியில், ஜன்னலருகே ஒரு மேஜை. அதன்மேல் சின்ன மின்னடுப்பு. அடுப்பின்மேல் அவர் அப்பாவின் சட்டி, வளைந்த கைப்பிடியோடு. அவள் குனிந்து மணலுக்குள்ளிருந்து ஒரு கம்பியை எடுத்து, இரண்டு இடத்தில் பட்டும் படாமலும் வளைத்தாள். நுனியைத் திருப்பினாள். அவர் கைகள் தாமாகவே அந்த அசைவைச் செய்தன.

அவள் நிமிர்ந்தாள். அவள் மூக்கில் பழுப்புக் கண்ணாடி.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அவளைக் கண்ணாடியோடு அவர் பார்த்ததேயில்லை. அவள் கூடத்தை ஒரு பார்வை பார்த்தாள். பார்வை தூணருகே வந்து நின்றது.

"தூணுக்குப் பின்னாடி நிக்கிறவரு முன்னாடி வாங்க," என்றாள். "டோக்கன் வாங்கினீங்களா?"

கூடம் முழுக்கத் திரும்பியது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் நடந்தார். அந்தக் கூடத்தை யார் இவ்வளவு நீளமாகக் கட்டினார்கள் என்று தோன்றியது. மேஜைக்கு வந்து சேர்ந்தபோது போட்டு வைத்திருந்த வசனங்களில் பாதி உதிர்ந்துவிட்டது.

"அக்கா வீட்டுக்கு இதுதான் வழியா?"

"மெதுவாப் பேசுங்க."

"என் சட்டி. எங்கப்பா கத்துக் குடுத்த கை. எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வந்து இங்க கொட்டிட்டியே. கூட இருந்தே குழி பறிச்சியே."

"உங்க சட்டியில மணல் சூடாகி எவ்வளவு காலமாச்சுன்னு உங்களுக்கே தெரியும்," என்றாள் அவள். குரலைத் தாழ்த்தியே பேசினாள். "வீட்டில அடுப்பு எரியுதே, அது எதுல எரியுதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? தம்பிகிட்ட நான்தான் கெஞ்சிக் கேட்டு இந்த வேலையை வாங்கினேன். உங்ககிட்டச் சொன்னா விடுவீங்களா?"

பதில் இல்லாத இடத்தில் மனிதன் தன் சாமர்த்தியத்தைத்தானே எடுத்துக் காட்டுவான்.

"என்னை ஏமாத்திடலாம்னு நெனச்சே. நேத்து நீ கெளம்பும்போது எதிர்லதான் நின்னேன். கம்பத்துக்கிட்ட, பட்டப்பகல்ல. என்னை நேராப் பார்த்துட்டுத்தான் போனே. உனக்குத் தெரியலை. தெரியாதுன்னு தெரிஞ்சுதான் நான் ஒளியக்கூட இல்லை."

அவள் கையிலிருந்த வேலையை மேஜைமேல் வைத்தாள்.

"தெரியாதுன்னு தெரிஞ்சுதான் நின்னீங்களா?" என்று கேட்டாள்.

அவள் திருப்பிச் சொன்னபோதுதான், தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. பெஞ்சில் ரொட்டிக் கடைக்காரர்கூட மேற்கூரையை விட்டுவிட்டு இங்கே பார்த்தார். கண்ணாடிக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தார். தொழில் பழக்கம், கண் கண்ணாடிக்குத்தான் போயிற்று. இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஊருக்கெல்லாம் வளைத்துக் கொடுக்கிறவளுக்கு வளைத்துக் கொடுக்க ஆளில்லை.

"இடது பக்கம் இறங்கியிருக்கு. குடு," என்று கையை நீட்டினார்.

அவள் சட்டென்று ஒரு அடி பின்னால் போனாள். ஒரு கை கண்ணாடியை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டது.

"உடைச்சுட மாட்டீங்களே?"

இத்தனை நாள் அவர்தான் எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். தன்னை ஒருவர் அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்தது. நீட்டிய கையை எடுக்கவும் முடியவில்லை.

"மாட்டேன். குடு."

அவள் யோசித்தாள். பிறகு கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை ஜன்னல் கம்பிக்கு எதிரே பிடித்து அசைத்தார். கை அசைந்த பக்கமே கம்பியும் அசைந்தது. தூரப்பார்வைக் குறை. எவ்வளவு? இன்னொரு முறை அசைத்தார். இரண்டரை இருக்கும். இந்தக் கண்ணுக்கு எதிரே வருகிறவர் முகம் தெரியாது. பேருந்தில் எழுதியிருக்கிற ஊர் தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற புருஷன் முகத்தில் என்ன இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாது. இதையே வேறு யாருடைய கண்ணாடியிலாவது பார்த்திருந்தால், இத்தனை நாள் என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க என்று அந்த வீட்டு ஆளைக் கடிந்திருப்பார்.

காதுக் கம்பியை மணலில் புதைத்தார்.

"சீக்கிரம் குடுங்க," என்றாள் அவள், முகத்தை அவர் பக்கமாகச் சுருக்கிக்கொண்டு. "ஒண்ணும் தெரியலை."

அவர் குனிந்தபடியே வளைத்தார். ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. புதிதாகக் கண்ணாடி போட்டவரிடம் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது.

"இதைப் போட்டதும் முதல்ல என்ன பார்த்தே?"

"நம்ம கடைப் பலகையைத்தான். இங்கயே வச்சுட்டுப் போற கண்ணாடியை, நீங்க சரக்கு எடுக்கப் போன அன்னிக்கு மட்டும் போட்டுக்கிட்டு, எல்லாரையும் நிக்கவைப்பீங்களே, அந்த எதிர்ப்பக்கத்துல போய் நின்னேன். கீழ ரெண்டு கண்ணு வரைஞ்சிருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"சிரிச்சியா?"

"இல்லைங்க. அழுதேன்."

அவர் நிமிர்ந்தார்.

"நான் வந்த வருஷம்தானே எல்லாரும் மாறுகண் கடை, மாறுகண் கடைன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க," என்றாள் அவள். "பலகையில படம் இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? நான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறேனே, என்னைத்தான் அப்படிச் சொல்றாங்கன்னு நெனச்சேன். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிச்சீங்க. அதான் கடைக்கு வர்றதை விட்டேன்."

அவர் கம்பியைக் கையில் தடவிச் சூடு ஆறிவிட்டதா என்று பார்த்தார், ஆறியிருந்தது, மறுபடியும் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டு, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலை ஓட்டிப் பார்த்தார். அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அசையவில்லை.

"இப்ப சரியா இருக்கா?"

"இருக்கு."

அவள் அவர் முகத்தை ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தாள். அவருக்குத்தான் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். தையல்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்தபடி எழுந்து வந்தார். கண்ணாடிக்காரர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் நகருங்க," என்றாள் அவள். "வெளிச்சத்தை மறைக்கிறீங்க."